வெற்றுச் சீட்டுகளின் கணக்கு: 2006 ஹெய்ட்டி தேர்தலும் அதன்பின் வந்த இணக்கமும்

2006 பிப்ரவரி 16 அதிகாலையில் ஹெய்ட்டியின் இடைக்காலத் தேர்தல் மன்றம் ஒரு முடிவை அறிவித்தது. எந்த வேட்பாளருக்கும் குறியிடப்படாமல் பெட்டிகளில் விழுந்திருந்த ஏறத்தாழ 85,000 வெற்றுச் சீட்டுகளை, போட்டியிட்ட அனைவருக்கும் அவரவர் பெற்ற வாக்கு விகிதப்படி பகிர்ந்தளிப்பது என்பதே அந்த முடிவு. அதற்கு முன்பு 48.7 விழுக்காட்டளவில் நின்றுகொண்டிருந்த ரெனே பிரெவால் இதனால் 51.15 விழுக்காட்டைத் தொட்டு, இரண்டாம் சுற்றுக்குப் போகாமலேயே குடியரசுத் தலைவரானார். இரண்டாம் இடத்தில் இருந்த லெஸ்லி மனிகாவுக்கு 12 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், மூன்றாம் இடத்தில் இருந்த தொழிலதிபர் சார்ல் ஆன்ரி பேக்கருக்கு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் கிடைத்திருந்தன.

அந்த முடிவும், அதை அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஐந்தாண்டு கால அரசியல் இணக்கமுமே இந்த ஆய்வின் பொருள். ஹெய்ட்டியைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் வறுமை, நிலநடுக்கம், கும்பல் வன்முறை ஆகிய மூன்றைச் சுற்றியே வருவதால், 2006 முதல் 2011 வரை அங்கே ஓர் ஆட்சி தன் தவணையை முழுமையாக முடித்து, எதிர்முகாமிலிருந்து வென்ற ஒருவரிடம் அமைதியாக அதிகாரத்தை ஒப்படைத்தது என்பது எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது. அந்நாட்டின் இருநூறாண்டு வரலாற்றில் அப்படியொன்று அதற்குமுன் நடந்ததில்லை. அது எப்படி இயன்றது, அதற்காக யாருடைய கணக்கு தள்ளிவைக்கப்பட்டது என்பவை இங்கே எழும் கேள்விகள்.

தேர்தலுக்கு முன்

ஹெய்ட்டியர்களின் க்ரியோல் மொழியில் ஒரு பழமொழி உண்டு: ‘கோன்ஸ்திதிஸ்யோன் சே பாப்யே, பயோனெத் சே ஃபே.’ அரசியலமைப்பு காகிதம், துப்பாக்கிக் கத்தி இரும்பு என்பது பொருள். அந்தக் காகிதம் இரும்புக்கு எதிராக எத்தனை முறை தோற்றது என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். 29 ஆண்டுகள் நீடித்த துவாலியே குடும்ப ஆட்சி 1986 பிப்ரவரி 7ஆம் நாள் முடிந்தது. மறு ஆண்டு மார்ச்சில் புதிய அரசியலமைப்பு பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று நடந்த முதல் தேர்தலில், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஒரு பள்ளி வளாகத்தில் வாக்களிக்க வந்தவர்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட, வாக்குப்பதிவு சில மணி நேரத்தில் கைவிடப்பட்டது. 1988 ஜனவரியில் ராணுவத்தின் மேற்பார்வையில் நடந்த அடுத்த தேர்தலில் மனிகா தலைவரானார். ஜூன் மாதமே ராணுவம் அவரை வெளியேற்றியது. 1990 டிசம்பரில், ஏழைகளின் பாதிரியார் என்று அறியப்பட்ட ழான்-பெர்த்ரான் அரிஸ்தீத் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் வென்றார். 1991 செப்டம்பர் 30 அன்று அவரும் கவிழ்க்கப்பட்டு, மூன்றாண்டு நாடுகடந்த வாழ்வுக்குப் பின் 1994 அக்டோபரில் அமெரிக்கப் படைகளின் துணையோடு திரும்பி வந்தார். 1995இல் ராணுவத்தையே அவர் கலைத்துவிட்டார். 1996இல் பதவியேற்ற பிரெவால் ஐந்தாண்டுகளை முடித்துவிட்டு 2001இல் மீண்டும் அரிஸ்தீத்திடமே ஆட்சியை ஒப்படைத்தார்.

இந்த ஓட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிற்கவேண்டியிருக்கிறது. 2000 மே 21 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தல் அது. மேலவைக்கு நிற்பவர் முதல் சுற்றிலேயே வெல்ல வேண்டுமானால், பதிவான செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றிருக்க வேண்டும். அன்றைய தேர்தல் மன்றமோ, ஒவ்வொரு மாகாணத்திலும் முன்னணியில் இருந்த நான்கு வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் பாதியைத் தாண்டினாலே வெற்றி என்று கணக்கிட்டது. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் படித்திருப்போம். பகுதி சுருங்கினால் மேலே இருப்பவரின் விழுக்காடு தானாக ஏறும். அப்படி ஏறியதால், இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்க வேண்டிய ஏறத்தாழ பத்து இடங்கள் அரிஸ்தீத்தின் ஃபன்மி லவலாஸ் கட்சிக்கு முதல் சுற்றிலேயே கிடைத்தன.

தேர்தல் மன்றத்தின் முதிய தலைவர் லெயோன் மனூஸ் அந்தக் கணக்கில் கையெழுத்திட மறுத்து நாட்டைவிட்டே வெளியேறினார். அமெரிக்க நாடுகளின் அமைப்பு அந்த எண்ணிக்கை முறையை ஏற்க மறுத்தது. எதிர்க்கட்சிகள் அடுத்து வந்த குடியரசுத் தலைவர் தேர்தலைப் புறக்கணித்தன. பன்னாட்டுக் கடன்களும் உதவிகளும் முடக்கப்பட்டன. 2004 பிப்ரவரியில் கொனாயீவ் நகரில் தொடங்கிய ஆயுதக் கிளர்ச்சியில் அரிஸ்தீத் இரண்டாம் முறையாகப் பதவி இழந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த நெருக்கடியின் நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், 2000ஆம் ஆண்டின் அந்தப் பகுதி எண்ணில்தான் போய் முட்டுவோம். அந்தக் கணக்கு போடப்பட்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் ரெனே பிரெவால்.

வாக்குநாளும் அடுத்த ஒன்பது நாட்களும்

அரிஸ்தீத் 2004 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க விமானத்தில் நாட்டைவிட்டு அகன்றார். தான் கடத்தப்பட்டதாக அவர் சொன்னார். அவரே விலகியதாக அமெரிக்கா சொன்னது. உச்ச நீதிமன்றத் தலைவர் போனிஃபாஸ் அலெக்ஸாந்த்ர் இடைக்காலக் குடியரசுத் தலைவராகவும், ழெரார் லத்தோர்த்யு பிரதமராகவும் பொறுப்பேற்றனர். மினுஸ்தா என்று அழைக்கப்பட்ட ஐ.நா. அமைதிப்படை, பிரேசிலின் படைத்தலைமையில் அந்த ஆண்டு ஜூன் முதல் நிலைகொண்டது. இரண்டாண்டுகள் ஆள்கடத்தலிலும் துப்பாக்கிச் சண்டையிலும் பழிவாங்கலிலும் கழிந்தன. தேர்தல் பல முறை தள்ளிப்போய், கடைசியில் 2006 பிப்ரவரி 7 என்று முடிவானது. துவாலியே ஓடிப்போன நாளின் இருபதாம் ஆண்டு நிறைவு அது.

ஏறத்தாழ 35 லட்சம் பேர் புதிய அடையாள அட்டைகளுடன் வாக்காளர்களாகப் பதிவாகியிருந்தனர். அவர்களுக்கு நாடு முழுவதும் சுமார் 800 வாக்களிப்பு மையங்களே ஒதுக்கப்பட்டன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் சிதே சொலேய் குடிசைப் பகுதிக்குள் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு மையமும் வைக்கப்படவில்லை. அங்கிருந்தவர்கள் விடியுமுன்பே கிளம்பி, பகுதிக்கு வெளியே அமைக்கப்பட்ட மையங்களுக்கு நடந்தார்கள். மையங்கள் பல மணி நேரம் தாமதமாகத் திறந்தன. நெரிசலில் சிலர் உயிரிழந்தனர். இத்தனைக்கும் பிறகு ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் வாக்களித்திருந்தார்கள். நாடு முழுக்க மின்சாரம் அரிதாக இருந்ததால், பல இடங்களில் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் சீட்டுகள் கையால் எண்ணப்பட்டன.

முதலில் வந்த எண்ணிக்கையில் பிரெவால் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார். நாளுக்கு நாள் அது இறங்கி, 50ஐத் தாண்டிக் கீழே போய், 48.7இல் நின்றது. தலைநகரின் பெட்டிகள் முன்னும் கிராமப்புறப் பெட்டிகள் பின்னுமாக எண்ணப்படும்போது இப்படி இறங்குவது இயல்பு என்று ஒரு வாதம் உண்டு. அதை வீதியில் நின்றவர்கள் ஏற்கவில்லை. ஒரு நாள் முழுக்க வெயிலில் வரிசையில் நின்றவன் வெற்றுச் சீட்டைப் போடவா வந்தான் என்பது அவர்களுடைய கேள்வி. முப்பதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களின் படங்களும் சின்னங்களும் நெருக்கமாக அச்சாகியிருந்த ஒரு பெரிய சீட்டில், எழுதப் படிக்கத் தெரியாத பலர் குறியிடத் தடுமாறியிருக்கலாம் என்பது அதிகாரிகளின் பதில். என் கணிப்பில் இரண்டுமே பாதி உண்மைகள். தடுமாறியவர்களின் சீட்டு பெரும்பாலும் தவறான குறியோடு செல்லாத சீட்டாகும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்லாத சீட்டுகள் தனியாகவே இருந்தன. குறியே இல்லாத 85,000 சீட்டுகளை அந்தப் பதில் முழுமையாக விளக்கவில்லை. அதேசமயம், பெட்டிகளில் வெற்றுச் சீட்டுகள் திணிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பிப்ரவரி 13 அன்று வீதிகள் மூடப்பட்டன. டயர்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மலைச்சரிவில் இருந்த ஓட்டல் மொந்தானாவை நோக்கி ஏறினார்கள். வெளிநாட்டுத் தூதர்களும் செய்தியாளர்களும் தங்குமிடமாகவும், தேர்தல் அதிகாரிகள் முடிவுகளை அறிவிக்கும் இடமாகவும் அந்த ஓட்டல் இருந்தது. கூட்டம் வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தது. அடுத்து நடந்தது அங்கிருந்த செய்தியாளர்கள் எதிர்பார்க்காத ஒன்று. அடித்து நொறுக்குவதற்குப் பதிலாக, கீழே நகரத்தில் குழாய்த் தண்ணீர்கூட ஒழுங்காகக் கிடைக்காத இளைஞர்கள் ஓட்டலின் நீச்சல்குளத்தில் குதித்து நீந்தினார்கள். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அப்போது அந்த ஓட்டலில் தங்கியிருந்தார். அவர் மேலிருந்து கூட்டத்தை நோக்கி அமைதி காக்கும்படி வேண்டினார். உண்மை ஆணையத்தின் தலைவராக உலகம் அறிந்த ஒருவர், உண்மை ஆணையத்தின் அறிக்கையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்த ஒரு நாட்டில் அன்று நின்றுகொண்டிருந்தார். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மறுநாள், தலைநகருக்கு வெளியே உள்ள குப்பைமேட்டில் வாக்குச்சீட்டுகளும் பெட்டிகளும் கருகிக் கிடந்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. அவற்றில் பிரெவாலுக்குக் குறியிட்ட சீட்டுகளும் இருந்தன. பெரிய அளவில் மோசடி நடந்திருக்கிறது என்று பிரெவால் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் தன் ஆதரவாளர்கள் அமைதியாகப் போராட வேண்டும் என்றும் அதே மூச்சில் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு அரங்குக்கு வெளியே நகர்ந்தது. இடைக்கால அரசும், தேர்தல் மன்றமும், ஐ.நா.வும், அமெரிக்க நாடுகளின் அமைப்பும், பிரேசில், சிலி, அமெரிக்கா, பிரான்ஸ் முதலிய நாடுகளின் தூதர்களும் பேசிப் பேசி, 15ஆம் தேதி இரவு ‘பெல்ஜிய வழி’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பகிர்வுத் தீர்வுக்கு வந்தார்கள். பிரெவால் இளமையில் வேளாண்மை படித்ததும் பெல்ஜியத்தில்தான். இது வெறும் தற்செயல், ஆனால் போர்ட்-ஓ-பிரின்ஸின் நகைச்சுவை அதை விட்டுவைத்திருக்காது.

பகுதி எண்

கணக்கு எளிது. நூறு செல்லத்தக்க சீட்டுகளில் 48.7 பிரெவாலுடையவை, நாலரை அளவில் வெற்றுச் சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வெற்றுச் சீட்டுகளை விகிதப்படி எல்லோருக்கும் பகிர்வதும், அவற்றை மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவதும் விடையில் ஒன்றுதான். 48.7ஐ நூறால் வகுப்பதற்குப் பதிலாக 95.5ஆல் வகுத்தால் 51ஐ ஒட்டி வந்துவிடும். எந்த வேட்பாளருக்கும் மற்றவரைவிடக் கூடுதல் சலுகை தரப்படவில்லை, வரிசை மாறவில்லை, பகுதி எண் மட்டும் சுருங்கியது. 2000இல் நடந்ததும் இதுவேதான். அன்று உலகம் கண்டித்து உதவியை நிறுத்தியது. 2006இல் அதே உலகம் உட்கார்ந்து வழி சொல்லிக் கொடுத்தது.

இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2000இல் வெட்டி எறியப்பட்டவை மனிதர்கள் வேறு வேட்பாளருக்கு அளித்த வாக்குகள். 2006இல் கழிக்கப்பட்டவை யாருக்கும் அளிக்கப்படாதவை. வெற்றுச் சீட்டை மொத்தத்தில் சேர்க்காத நாடுகள் பல உண்டு. ஆனால் ஹெய்ட்டியின் அன்றைய தேர்தல் ஆணை அவற்றைச் சேர்த்தே எண்ணச் சொன்னது. விதி தவறாக இருந்தால் தேர்தலுக்கு முன் திருத்தியிருக்கலாம். எண்ணிக்கையின் நடுவில் திருத்தியதுதான் சிக்கல்.

மனிகாவின் மறுப்பு இங்கேதான் நின்றது. அவருடைய வாக்கு பிரெவாலின் வாக்கில் நான்கில் ஒரு பங்கே. மார்ச் மாதம் இரண்டாம் சுற்று நடந்திருந்தால் அவர் தோற்றிருப்பார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. அவருக்கே இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 1988இல் ராணுவத் தயவில் கிடைத்த பதவியை ராணுவமே ஐந்து மாதத்தில் பறித்ததைக் கண்ட ஒரு முதியவர், விதிப்படி தோற்கும் உரிமையைக் கேட்டார். அவர் மனைவி மிர்லாந்த் மனிகா, மேலவைத் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தும், கணவருக்கு நேர்ந்ததைக் கண்டித்துப் போட்டியிலிருந்து விலகினார்.

எதிர்வாதமும் வலுவானது. இரண்டாம் சுற்று என்றால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் எரியும் டயர்களும், மூடிய சந்தைகளும், துப்பாக்கிகளும் என்று பொருள். அன்றைய நிலையில் நானும் பகிர்வுக்கே கை தூக்கியிருப்பேன். ஆனால் அதைத் தேர்தல் தீர்ப்பு என்று அழைக்காமல் உடன்பாடு என்றே அழைத்திருக்க வேண்டும். உடன்பாடு என்றால் அதில் தோற்றவர்களுக்கும் கையெழுத்து உண்டு. கையெழுத்து கேட்கப்படவில்லை. தோற்றவர்கள் விழுங்கிக்கொள்ளும்படி விடப்பட்டார்கள்.

நாற்காலிகளால் ஆன இணக்கம்

பிரெவாலின் லெஸ்ப்வா கூட்டணிக்கு நாடாளுமன்றத்தில் அதிக இடங்கள் கிடைத்தன, பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஹெய்ட்டியின் அரசியலமைப்பில் பிரதமருக்கு இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும். புதிய தலைவர் நாடாளுமன்றத்தின் முன்தான் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்பதால், நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று முடியும்வரை காத்திருந்து, மே 14 அன்று அவர் பதவியேற்றார். அதே நாளில் தேசிய மாளிகைக்கு அருகே இருந்த தேசியச் சிறையில் கைதிகள் கலகம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விசாரணையே முடியாதவர்கள்.

பிரெவாலின் வழியைப் புரிந்துகொள்ள அவருடைய முதல் தவணையை நினைவுகூர வேண்டும். அப்போது ஓ.பெ.எல். கட்சியைச் சேர்ந்த பிரதமர் ரோஸ்னி ஸ்மார்த் 1997 ஜூனில் விலகியபின், அடுத்த பிரதமருக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபறி நீடித்தது. 1999 ஜனவரியில் பிரெவால் நாடாளுமன்றத்தின் தவணை முடிந்துவிட்டது என்று அறிவித்து, ழாக்-எதுவார் அலெக்சியைப் பிரதமராக்கிக்கொண்டு ஆணைகள் மூலம் ஆண்டார். 2006இலும் அவர் தேர்ந்தெடுத்தது அதே அலெக்சியைத்தான். ஆனால் இம்முறை இரு அவைகளின் ஒப்புதலோடு, பழைய எதிரியான ஓ.பெ.எல்., அரிஸ்தீத்தை எதிர்த்து வீதிக்கு வந்த சமூக ஜனநாயகவாதிகளின் ஃபியூசியோன், லவலாஸ் இயக்கத்தைச் சேர்ந்தோர் என்று, இரண்டாண்டுக்கு முன் ஒருவரையொருவர் கொலைகாரர் என்று திட்டிக்கொண்டவர்கள் ஒரே அமைச்சரவை மேசையில் அமர்ந்தார்கள்.

அதிகம் பேசாத, மேடைகளை வெறுத்த மனிதர் பிரெவால். வடக்கே மார்மலாத் ஊரில் மூங்கில் வளர்ப்பை ஊக்குவித்துக்கொண்டிருந்தவர். பழைய கணக்குகளைக் கிளறாமல், எல்லோருக்கும் ஏதாவது ஒரு பங்கு கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் நாடு மூச்சுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நாடு மூச்சுவிட்டது என்பதை மறுக்க முடியாது. இடைக்கால அரசால் சிறையிடப்பட்ட முன்னாள் பிரதமர் இவோன் நெப்தூன், உண்ணாநிலையால் உடல் தளர்ந்து, இரண்டாண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு 2006 ஜூலையில் வெளியே வந்தார். அவரை விசாரணையின்றி அடைத்துவைத்தது உரிமை மீறல் என்று 2008இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த மேசையின் பலவீனம் 2008 ஏப்ரலில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியதும், வெளுக்கும் திரவத்தைக் குடித்ததுபோல் வயிறு எரிகிறது என்ற பொருளில் மக்கள் அந்தப் பசியைக் ‘குளோராக்ஸ்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். தெற்கே லே காய் நகரில் தொடங்கிய கலகம் தேசிய மாளிகையின் வாசல்வரை வந்தது. ஏப்ரல் 12 அன்று மேலவை அலெக்சியை நீக்கியது. பல கட்சி அமைச்சரவை என்பதால் பல கட்சிகள் அதைக் காப்பாற்றும் என்று எண்ணியிருந்தால் அது நடக்கவில்லை. நாற்காலி கிடைத்ததற்காக உள்ளே வந்தவர்கள், வீதி சூடானதும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அடுத்த பிரதமர் மிஷேல் பியர்-லூயி பொறுப்பேற்கச் செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் நான்கு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கி, கொனாயீவ் நகரம் வெள்ளத்தில் கிடந்தது. அவரும் அடுத்த ஆண்டு இறுதிக்குள் மேலவையால் நீக்கப்பட்டார்.

சிதே சொலேய்

வாக்களிப்பு மையமே கிடைக்காத அந்தப் பகுதிதான் பிரெவாலுக்கு ஏறத்தாழ மொத்தமாக வாக்களித்திருந்தது. அங்கிருந்த ஆயுதக் குழுக்களோடு முதலில் பேச்சு, ஆயுத ஒப்படைப்புக்கு ஓர் ஆணையம் என்று தொடங்கி, ஆள்கடத்தல் குறையாமல் போகவே, 2006 இறுதியிலிருந்து 2007 தொடக்கம்வரை ஐ.நா. படைகளின் கடுமையான தேடுதல் நடவடிக்கைகளுக்கு அவர் இசைந்தார். குழுத் தலைவர்கள் பிடிபட்டார்கள், கடத்தல்கள் குறைந்தன. தகரச் சுவர்களைத் துளைத்த குண்டுகளில் குழுக்களுக்குச் சம்பந்தமில்லாதவர்களும் இறந்தார்கள். வாக்களித்த கைகளுக்குத் தேர்தலுக்குப் பிறகு முதலில் வந்து சேர்ந்த அரசு கவச வண்டியில் வந்தது.

அந்த அமைதிப்படையில் இலங்கையின் படைப்பிரிவும் இருந்தது. சிறுமிகள் உள்ளிட்டோரைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதாக எழுந்த குற்றச்சாட்டில், 2007 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஹெய்ட்டி நீதிமன்றம் எதுவும் அவர்களை விசாரிக்க வழியில்லை. அமைதிப்படையினரைத் தண்டிக்கும் அதிகாரம் அவரவர் நாட்டுக்கே உரியது என்பது ஐ.நா.வின் ஏற்பாடு. அமைதியை நிலைநாட்ட வந்தவர்களும் கணக்குக்கு வெளியே நின்றார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ் வாசகருக்குத் தேவையிராது.

பட்டியலுக்கு வெளியே

2009 ஏப்ரல் 19 அன்று மேலவையின் ஒரு பகுதிக்குத் தேர்தல் நடந்தது. ஃபன்மி லவலாஸின் வேட்பாளர்கள் யாருமே பட்டியலில் இல்லை. அக்கட்சியின் இரண்டு அணிகள் தனித்தனிப் பட்டியல் கொடுத்திருந்தன. கட்சித் தலைவரான அரிஸ்தீத்தின் மூலக் கையெழுத்து வேண்டும் என்றது தேர்தல் மன்றம். அவரோ தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கட்சி புறக்கணிப்பு அறிவித்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படியே பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் வாக்களிக்க வந்தார்கள். மூன்றாண்டுக்கு முன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எண்ணும் அளவுக்குத் திரண்டு வந்த மக்கள் அவர்கள். 2010 தேர்தலிலும் அக்கட்சி அனுமதிக்கப்படவில்லை.

இது பிரெவாலின் தனிப்பட்ட திட்டமா, மன்றத்தின் பிடிவாதமா என்று வாதிடலாம். ஆனால் மன்ற உறுப்பினர்களை நியமித்ததில் அவருக்குப் பங்கு இருந்தது, அவர் தலையிட்டுத் தடுக்கவில்லை. லவலாஸ்காரர்களைத் தனித்தனியாக அமைச்சரவைக்குள் எடுத்துக்கொண்ட இணக்கம், லவலாஸ் என்ற கட்சியை வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. மீண்டும் சுருங்கியது பகுதி எண்தான்.

2010 ஜனவரி 12 நிலநடுக்கம் நாடாளுமன்றத்தையும் தேசிய மாளிகையையும் ஓட்டல் மொந்தானாவையும் தரைமட்டமாக்கியது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே நவம்பர் 28 அன்று நடந்த தேர்தலில், மிர்லாந்த் மனிகா முதலிடம், பிரெவால் முன்னிறுத்திய ழூட் செலெஸ்தேன் இரண்டாமிடம், பாடகர் மிஷேல் மார்த்தெலி மூன்றாமிடம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடைவெளி 7,000 வாக்குகளுக்கும் குறைவு. மறுபடியும் டயர்கள் எரிந்தன. அமெரிக்க நாடுகளின் அமைப்பு அனுப்பிய நிபுணர்கள், ஐயத்துக்குரிய சில எண்ணிக்கைத் தாள்களைக் கழித்துப் பார்த்து, மூன்றாமவரே இரண்டாமவர் என்றார்கள். வெளிநாட்டு நெருக்கடியின் கீழ் செலெஸ்தேன் ஒதுக்கப்பட்டார். 2006இல் கழித்தலால் வென்றவரின் வேட்பாளர் 2011இல் கழித்தலால் வெளியேறினார். மார்ச் 20 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் மார்த்தெலி மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு மிர்லாந்த் மனிகாவை வென்றார். மே 14 அன்று பிரெவால் அவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். தன் தரப்பை வெளியேற்றிய கணக்கை ஏற்றுக்கொண்டு அமைதியாக இறங்கிய அந்த ஒரு செயலுக்காகவே பிரெவாலை நான் மதிக்கிறேன்.

ராபோத்தோ

நீதியின் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், பிரெவாலின் இணக்கத்திலும் அது கடைசியாகவே வைக்கப்பட்டிருந்தது.

1991 முதல் 1994 வரையிலான ராணுவ ஆட்சியின் குற்றங்களை ஆராய 1995இல் உண்மைக்கும் நீதிக்குமான தேசிய ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் சாட்சியங்களோடு, ‘நான் கூக்குரலிடாவிட்டால்’ என்று பொருள்படும் க்ரியோல் தலைப்பில், 1996 தொடக்கத்தில் அறிக்கை தயாரானது. மிகச் சில படிகளே வெளிவந்தன. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்துக் குற்றங்களில் நீதிமன்றம்வரை முழுமையாக வந்தது ராபோத்தோ வழக்கு. கொனாயீவின் கடலோரக் குடிசைப் பகுதி அது. 1994 ஏப்ரலில் ராணுவத்தினரும் துணைப்படையினரும் அங்கே புகுந்து, கடலுக்குள் ஓடியவர்களையும் சுட்டார்கள். 2000 நவம்பரில், அந்த ஊரிலேயே நடந்த விசாரணையின் முடிவில், நேரில் நிறுத்தப்பட்டவர்களில் 16 பேரும், நாட்டைவிட்டு ஓடிய ராணுவத் தலைமையினர் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பிரெவாலின் முதல் தவணையின் பெருமை அது என்று சொல்லலாம். 2004 கிளர்ச்சியின்போது சிறைகள் உடைக்கப்பட்டு அவர்கள் வெளியேறினார்கள். 2005 மே மாதம், இந்த வழக்கை நடுவர் குழு விசாரித்திருக்கக் கூடாது என்ற காரணத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தப் 16 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. இடைக்கால அரசின் காலத்தில் நடந்தது அது. ஆனால் 2006இல் திரும்பி வந்த பிரெவால் தன் முதல் தவணையின் அந்த வழக்கைக் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், மேசையில் இருந்த சிலர் எழுந்துபோயிருக்கக் கூடும்.

‘பாய் கூ பிலியே, போத்தே மாக் சோன்ஜே’ என்பது க்ரியோலில் எல்லோர் வாயிலும் வரும் சொல். அடித்தவன் மறந்துவிடுவான், தழும்பைச் சுமப்பவன் நினைவில் வைத்திருப்பான். ராபோத்தோவின் தழும்புகளுக்கு ஈடாக முதல் பணம் 2008இல் வந்தது, அது வந்த வழி விசித்திரமானது. தண்டிக்கப்பட்ட ராணுவத் தலைமையினரில் ஒருவரான கர்னல் கார்ல் தோரெலியென், ஃபுளோரிடாவில் தங்கியிருந்தபோது 1997இல் அம்மாநில லாட்டரியில் 32 லட்சம் டாலர் பரிசு வென்றிருந்தார். கொனாயீவின் குடும்பங்களுக்காக வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடி, அந்தப் பரிசுப் பணத்தில் மீந்திருந்ததிலிருந்து பல லட்சம் டாலரைப் பெற்று, பாதிக்கப்பட்டவர்களிடையே பிரித்துக் கொடுத்தார்கள். அந்தத் தொகையில் ஹெய்ட்டி அரசின் பணம் ஒரு காசும் இல்லை.